உப்புப் போட்ட பாதி

இருபத்தாறு வருடம் நான் சிமெண்ட் தரையிலிருந்து ஐஸ் எடுக்கும் வேலை பார்த்தேன். அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு. திருத்தணியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மார்கழிக் காலையில் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வந்து, குளிரில் செத்தே போய்விடுவோம் என்று புலம்புகிற ஊர் இது. ஐஸ் என்றால் இவர்களுக்கு சர்பத் கடைதான் ஞாபகம் வரும். என் அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அவர் புது ஆட்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்:

“நம்ம மச்சான் முனிரத்தினம். இமயமலையில ஐஸ் வித்துகினு இருந்தாரு.”

“விக்கல பாவா, சொரண்டினு இருந்தேன்.”

“ஆங், சொரண்டி வித்தாரு.”

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் போன் செய்தார். வேலையெல்லாம் இப்போது கான்ட்ராக்டுக்குப் போய்விட்டதாம். குளிர்காலத்துக்கு ஒரு கூட்டம் வருகிறது, அடுத்த குளிர்காலத்துக்கு வேறு கூட்டம். விஷயம் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை, நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு பக்கம் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

“சார், மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்களே, அந்தச் சீட்டு மாதிரி இருக்கு. யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க எங்க தப்புப் பண்ணீங்கன்னு எழுதுங்க. அதைப் படிப்பாங்க.”

சரியாகத்தான் சொன்னார். எழுதுகிறேன்.

எங்களுடையது விவசாயக் கூலிக் குடும்பம். அப்பா அடுத்தவர் கரும்பை வெட்டினார். அம்மா அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வெளியே வேர்க்கடலை வறுத்து விற்றாள். நான் பத்தாவது தேறியதும், ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கிற துறையில் மஸ்தூராகச் சேர்ந்தேன். மஸ்தூர் என்றால் எதைச் சொன்னாலும் செய்கிறவன். மூன்று வருடம் புல் வெட்டினேன். நன்றாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது, புல்லே முளைக்காத இடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள்.

பனிமலையில் வண்டியிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்தேன். முதலில் டிரங்குப் பெட்டி விழுந்தது, அதன் மேல் நான் விழுந்தேன். எதிரே நின்றவர் கை கொடுத்துத் தூக்கவில்லை. நான் விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “தரைக்கு ஒண்ணும் ஆகல” என்று தமிழில் சொன்னார்.

அவர்தான் ஓவர்சியர் வரதராஜுலு. பள்ளிப்பட்டுக்காரர், நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், ஆபீஸில் அவருக்கே சொந்தமான ஓர் இந்தி. எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். கத்த மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். “வாங்க, உக்காருங்க” என்று அவர் ஆரம்பித்தால் அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் நடக்கக் கற்றுக்கொடுத்தார்.

“ஒம்போது மாச வயிறு இருக்குதுன்னு நெனச்சிக்கோ நைனா. பாதத்த மொத்தமா வெய்யி. சின்னச் சின்னதா வெய்யி. கைய பாக்கெட்டுல உட்டுகினு போவாதே, உழும்போது கைதான் புள்ளையக் காப்பாத்தும்.”

காலையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக வேலைக்குப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் பிரசவ ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருக்கும். மீசையும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து வேலை. பனி விழுந்ததும், யாரும் மிதிப்பதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டும். விழுந்த பனி பஞ்சு. மிதிபட்ட பனி ராத்திரியில் உறைந்து கல்லாகிவிடும். மண்வெட்டியால் அள்ளித் தூக்கக் கூடாது, மரப் பலகையால் தள்ள வேண்டும். தூக்கினால் இடுப்பு போகும். கல்லாகிவிட்டால் கடப்பாரை. ஆனால் குத்துவதற்கு அல்ல, கேட்பதற்கு. வரதராஜுலு கடப்பாரையின் மழுங்கிய முனையால் ஐஸை மெதுவாகத் தட்டுவார். ‘டொக்’ என்றால் அது தரையோடு ஒட்டியிருக்கிறது, தொடாதே. ‘டப்’ என்றால் அடியில் விட்டுப்போயிருக்கிறது. அங்கே ஓரத்தில் சாய்வாகக் கொடுத்து நெம்பினால் முறத்தளவு பாளமாகப் பெயர்ந்து வரும். நேராக நின்று குத்துகிறவன் ஐஸோடு அரசாங்கத்தின் காங்கிரீட்டையும் சேர்த்துக் குத்துகிறான்.

சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. டெல்லியிலிருந்து வந்த ஒரு கிளார்க் தன் வாசலில் இரண்டு பக்கெட் ஊற்றினார். அரை மணி நேரத்தில் அது முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. அதில் தன் முகத்தை மிக அருகில் பார்த்தவரும் அவரே. தோட்டத்து உரத்தைக் கொட்டினாலும் ஐஸ் இளகும், ஆனால் சில உரங்கள் காங்கிரீட்டையே தின்றுவிடும்.

கடைசியாக உப்பு. மைனஸ் இரண்டு, மூன்று என்றால் உப்புக்கு வேலை உண்டு. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சும்மா உட்கார்ந்திருக்கும், ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் மாதிரி. தயிர்ச்சோற்றுக்குப் போடுகிற மாதிரி கொஞ்சமாகத் தூவி, ஐஸ் சேறாக இளகியதும் உடனே தள்ளிவிட வேண்டும். ஒரு வயது ஆகாத காங்கிரீட்டில் மட்டும் போடவே கூடாது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும், ராத்திரி உறைந்து வீங்கும், மேல்தோலைப் பிய்த்துத் தள்ளிவிடும். இதை வரதராஜுலு எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரி மலைச்சரிவில் ஒரு மேட்டின் மேல் இருந்தது. ரோட்டிலிருந்து அங்கே ஏறப் புதிதாக ஒரு காங்கிரீட் சரிவுப் பாதை போட்டார்கள். ஆறடி அகலம், நூறடி நீளம். கோடையில் போட்டிருக்க வேண்டியது, அக்டோபரில் போட்டார்கள். அந்த டிசம்பரில் வரதராஜுலு மகள் கல்யாணத்துக்கு ஒன்றரை மாத லீவில் பள்ளிப்பட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார்:

“புதுப் பாதைக்கு மணல் மட்டும் போடு. உப்புக் கண்ணுலயே காட்டாத.”

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் ராணுவ ஸ்டேஷனின் தலைமை இன்ஜினியர். பெரிய சார் என்போம். பதவியும் பெரியது, ஆளும் பெரியவர், தொண்ணூறு கிலோ. அவருக்கு ஆய்வுக் குழு வருவதாகத் தந்தி வந்திருந்தது. சரிவுப் பாதையைப் பார்த்துவிட்டு இந்தியில் இரண்டே வார்த்தை சொன்னார்: “அழுக்கா இருக்கு.”

மணல் போட்ட பாதை அழுக்காகத்தான் இருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். நான் ஸ்டோருக்குப் போய் இரண்டு மூட்டை உப்பை எடுத்தேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் இடது பக்கமாகத்தான் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டு இடது பாதியில் மட்டும் போட்டேன். அன்றைக்கு மைனஸ் மூன்று. ஒரு மணி நேரத்தில் காங்கிரீட் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. குழு வந்தது, ஏறியது, இறங்கியது. பெரிய சார் என் தோளைத் தட்டினார். தட்டியவரைத் திருப்திப்படுத்த அடுத்த மூன்று வாரமும் தினம் காலையில் போட்டேன்.

வரதராஜுலு லட்டு டப்பாவோடு திரும்பி வந்த அன்று இடது பாதி முழுக்க அம்மைத் தழும்பு. மேல்தோல் சில்லுச் சில்லாக உரிந்து கிடந்தது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கல்யாணத்துல அப்பளம் பத்தலங்க. நீங்க இங்க பொரிச்சி வெச்சிருக்கிறது தெரிஞ்சிருந்தா ஒரு மூட்ட எடுத்துகினு போயிருப்பேன்.”

‘ங்க’ வந்துவிட்டது.

அறிக்கை கேட்டார்கள். ‘கடுமையான பருவநிலை காரணமாக மேற்பரப்பு சேதம்’ என்று எழுதி அவரிடம் நீட்டினேன். படித்தார்.

“நல்ல ஆளா பாத்துப் புடிச்ச நைனா. மழையும் பனியும் ஆபீஸுக்கு வந்து, நான் இல்லைன்னு சொல்லப் போறதில்ல.”

“கையெழுத்து அண்ணா?”

“நீயே போட்டுக்கோ. பொய்யி உன்னுது.”

நானே போட்டு அனுப்பினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், சரிவுப் பாதைக்கு மேலே இருந்த தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. ராத்திரியெல்லாம் ஒழுகிய தண்ணீர் விடியும்போது பாதை முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு ஐஸாக நின்றது. மைனஸ் பதினெட்டு. காலை எட்டு மணிக்கு நாங்கள் கடப்பாரைகளோடு அங்கே நிற்கும்போது ஆஸ்பத்திரி நர்சிங் உதவியாளர் மேலிருந்து கத்தினார். பெரிய சாருக்கு நெஞ்சு வலி. குவார்ட்டர்ஸிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. முப்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடும்.

பின்பக்கம் கல் படிக்கட்டு ஒன்று உண்டு, அதில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாது. இந்த ஐஸில் வண்டி ஏறாது. நான்கு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதற்கு ஆறடி அகலமும் வேண்டும்.

வலது பாதியை வரதராஜுலு எடுத்துக்கொண்டார். தட்டினார், கேட்டார், நெம்பினார். வழவழப்பான நல்ல காங்கிரீட், பாளம் பாளமாக விட்டு வந்தது. பதினைந்து நிமிடத்தில் மேலே போய்விட்டார். நான் இடது பாதியில் இருந்தேன். எங்கே தட்டினாலும் ‘டொக்’. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஐஸ் இறங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கடப்பாரை கொடுத்தால் கை விரலளவு சில்லு தெறிக்கும், அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்தில் நான் சுத்தம் செய்தது ஒரு பாய் விரிக்கிற இடம்.

வரதராஜுலு வந்து தட்டிப் பார்த்தார்.

“வேர் உட்டுகினு கீது நைனா. இது வராது.”

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பு அந்தக் குளிரில் உதவாது. மணலை அள்ளி வீசினேன். ஐஸ் மேல் கோலிக் குண்டு மாதிரி உருண்டு ஓடியது. அவரைப் பார்த்தேன். அவருக்கும் வழி தெரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் சர்பத்காரர் ஞாபகம் வந்தார். அரக்கோணத்தில் அம்மாவின் கடலை வண்டிக்குப் பக்கத்திலேயே அவர் வண்டியும் நிற்கும். ஒரு நாள் அம்மா கடலை சலிக்கும்போது, சட்டியிலிருந்து சுடுமணல் அவருடைய ஐஸ் பாளத்தின் மேல் கொட்டிவிட்டது. உஸ்ஸென்று உள்ளே இறங்கி அப்படியே உறைந்துகொண்டது. அவர் ஆணியால் சுரண்டிப் பார்த்தார், உளியால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. ஒரு வாரம் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மணல வறுக்கலாம்” என்றேன்.

“பெரிய சாருக்கு நெஞ்சு வலின்றாங்க. நீ வேர்க்கல்ல வறுக்கப் போறியா?”

“மணல மட்டுந்தான்ணா. சூட்டோட போட்டா ஐஸுக்குள்ள எறங்கி ஒட்டிக்கும். உப்புக் காகிதம் மாதிரி சொரசொரன்னு நிக்கும். நான் பாத்துகிறேன்.”

“எத்தினி நிமிஷம்?”

“பத்து.”

“எட்டு” என்று சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாபுலால் பூரி பொரித்துக்கொண்டிருந்தார். ராஜஸ்தான்காரர். ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய இரும்புச் சட்டி. வரதராஜுலு இந்தியில் மிக மரியாதையாக, எண்ணெயை இறக்கித் தருமாறு வேண்டிக்கொண்டார். பாபுலால், பூரி பாதியில் இருக்கிறது, சட்டி தன் பொறுப்பில் இருக்கிறது, எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்றார். அவர் மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நானும் வரதராஜுலுவும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி, எண்ணெயை அண்டாவில் ஊற்றிவிட்டோம். சட்டியின் காதைத்தான் சொல்கிறேன்.

ஸ்டோரிலிருந்து சலித்த பருமணல் வந்தது. அரைச் சட்டி போட்டு, ஜல்லிக் கரண்டியால் அம்மா செய்த மாதிரியே அடியிலிருந்து புரட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெறித்து ஓடியது. நெய் டின்களில் அள்ளி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, சுத்தம் செய்த வலது பாதி வழியாகக் கீழே ஓடினோம். ஒன்பது மாத வயிற்றையெல்லாம் யார் பார்த்தார்கள்.

கீழிருந்து ஆரம்பித்து, பின்னோக்கியே ஏறிக்கொண்டு, நாற்றங்காலில் விதை தெளிக்கிற மாதிரி தெளித்தேன். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மணல் அரை நகக்கண் ஆழம் இறங்கியது. நூறு எண்ணினோம். வரதராஜுலு ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைத்தார். குதிகாலால் ஓங்கி மிதித்தார். பிறகு, அந்த மலையில் நான் அவரைப் பார்த்த அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, சாதாரண மனிதன் மாதிரி கைவீசி நாலு அடி நடந்தார்.

“போடு நைனா.”

முதல் சட்டி முக்கால் பாதைக்கு வந்தது. இரண்டாவது சட்டி அடுப்பில் இருக்கும்போதே கீழே வண்டிச் சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல், பதம் வருவதற்கு முன்னாலேயே அள்ளிக்கொண்டு ஓடிவந்து மிச்ச இடத்தில் போட்டேன். அது என்னுடைய அன்றைய தப்பு.

பெரிய சாரை இறக்கினார்கள். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. நிறம் சாம்பல். வலது பக்கம் இரண்டு நர்சிங் உதவியாளர்கள். இடது பக்கம் பின்னால் எங்கள் ஆள் ஒருவர், முன்னால் நான். அந்தப் பக்கம் என் பக்கம், வேறு யாரையும் விடத் தோன்றவில்லை. வரதராஜுலு எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே, “வெய்யி, வெய்யி” என்று எண்ணிக்கொண்டு போனார். பூட்ஸுக்கு அடியில் கரகரவென்று சத்தம். பிடித்தது.

பாதி வழியில் பெரிய சார் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். இந்தியில் கேட்டது தமிழில் இது: “உப்புப் போட்டாச்சா?”

“போட்டாச்சுங்க சார். மூடிக்குங்க” என்றார் வரதராஜுலு.

கடைசி நாலடியில், பதம் வராத மணல் ஒட்டியிருக்கவில்லை. என் இடது கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் கம்பை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன், அவர் உருண்டிருப்பார். முட்டியை அப்படியே ஐஸில் இறக்கி நின்றேன். ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. பெரிய சாரின் கை வந்து என் காலரைப் பிடித்துக்கொண்டது. நான் அவரைத் தாங்கினேனா, அவர் என்னைத் தாங்கினாரா என்று இன்றுவரை தெரியாது. வரதராஜுலு தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் காலுக்கு முன்னால் போட்டார். அதை மிதித்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே போய்விட்டோம்.

மதியம் ஹெலிகாப்டர் வந்து அவரை எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் எந்தச் செய்தியும் இல்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கலாம், கடப்பாரை பிடிக்கிறவனுக்கு யார் சொல்வார்கள்? வண்டி வந்த பிறகும் மணல் போடுவதில் நாங்கள் வீணாக்கிய நிமிடங்களை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். இடது பாதி நன்றாக இருந்திருந்தால் அந்த நிமிடங்களே கிடையாது. முட்டிக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். அது வலித்தது எனக்குக் கொஞ்சம் வசதியாகவே இருந்தது.

ஆறு வாரம் கழித்துத் தபாலில் ஒரு மெமோ வந்தது. சமையலறைக்குச் சொந்தமான சட்டியை உணவல்லாத பொருளை வறுக்கப் பயன்படுத்தியது ஏன், ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கவும். பாபுலால் புகார் கொடுத்திருக்கிறார், அது மேலே போயிருக்கிறது. வரதராஜுலு வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆளு பொழச்சிகினாரு நைனா.”

“மெமோண்ணா இது.”

“ஆங், மெமோதான். யார் கையெழுத்துன்னு பாரு. செத்தவன் மெமோ அனுப்புவானா?”

பெரிய சாரின் கையெழுத்துதான். சமவெளியில் ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். வால் நீண்டு, தேதியை வெட்டிக்கொண்டு போகிற அதே கையெழுத்து. கோடு எங்கேயும் நடுங்கவில்லை. நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மெமோவைப் பார்த்து அழுத ஊழியர்கள் நிறையப் பேர் உண்டு. இந்தக் காரணத்துக்காக அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விளக்கம் எழுதினேன். சட்டி மூன்று முறை கழுவப்பட்டது. அதில் பொரித்த பூரியை எல்லோரும் சாப்பிட்டார்கள். பூரியில் மணல் இருந்ததாக ஒருவர் மட்டும் புகார் செய்தார், அவர் சமையல்காரர். இதோடு முடித்திருக்கலாம். கீழே இன்னும் இரண்டு வரி எழுதினேன்: இடது பாதி கெட்டது பருவநிலையால் அல்ல. வேண்டாம் என்று தெரிந்தே நான் போட்ட உப்பால்.

வரதராஜுலு படித்தார்.

“இத எவன் கேட்டான்?”

“யாரும் கேக்கலண்ணா.”

ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, உறையில் போட்டு ஒட்டினார்.

என் பதவி உயர்வு நான்கு வருடம் தள்ளிப் போனது. சட்டியைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் ஓர் உத்தரவு வந்தது: இடது பாதியை உடைத்துப் புதிதாகப் போடவும், முதல் குளிர்காலத்தில் உப்புப் போடுவதைத் தடை செய்யவும். உடைக்க ஆள் கேட்டபோது நானே போனேன். ஒரு நாள் வேலை என்று நினைத்துத்தான் சம்மட்டியை எடுத்தேன். கெட்டது மேல்தோல் மட்டும்தான் என்பது அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. உள்ளே இரும்பு மாதிரி இருந்தது. உடைத்து முடிக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று.